மொட்டை மாடியில் ஒரு 70 மி.மீ. தொலைநோக்கி

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ‘525 மடங்கு’ என்று போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். 2022 டிசம்பர் கடைசி வாரம். மழையெல்லாம் ஓய்ந்து, நாமக்கல் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்த நேரம். விலை ஒன்பதாயிரத்துச் சொச்சம். 70 மி.மீ. அகல முன் லென்ஸ், 700 மி.மீ. குவியத் தூரம், 20 மி.மீ., 4 மி.மீ. என்று இரண்டு ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்), பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸ் ஒன்று, ஒல்லியான அலுமினிய டிரைபாட். நான் கோழித்தீவன கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்ப்பவன். பள்ளிக்கூட நாளிலிருந்து மனசில் கிடந்த ஆசை நாற்பத்திரண்டு வயதில்தான் கைகூடியது.

29-ஆம் தேதி ராத்திரி மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். உச்சியில் அரை நிலா, அதற்குப் பக்கத்திலேயே வியாழன். இதைவிட நல்ல நாள் அமையாது என்று பார்லோவைச் செருகி, அதில் 4 மி.மீ. ஐபீஸை மாட்டினேன். 525 மடங்கு வேண்டுமல்லவா! நிலாவைப் பிடிக்கவே இருபது நிமிடம் ஆனது. கிடைத்ததும் சாம்பல் நிறத்தில் நடுங்குகிற ஏதோ ஒன்று. கை பட்டால் ஓடியது, கையை எடுத்தாலும் ஓடியது. வியாழன் அகப்படவே இல்லை. பத்தரை மணிக்கு எல்லாவற்றையும் கழற்றும்போதுதான் கவனித்தேன்: முன் மூடியின் நடுவில் இருக்கும் சின்ன மூடியை மட்டும்தான் எடுத்திருக்கிறேன். பெரிய மூடி லென்ஸ் மேல் அப்படியே இருந்தது. அந்தச் சின்ன ஓட்டை, நிலா கண் கூசும் நாட்களில் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்க்க வைத்திருப்பது. 70 மி.மீ. லென்ஸில் பாதி அகலத்தைக்கூட நான் பயன்படுத்தவில்லை. புதிதாக வாங்கியவர்கள் முதலில் அந்த மூடியைப் பாருங்கள்.

அந்த 525-ஐப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை நம்பித்தான் பலர் வாங்கி, நாலு நாளில் பரணில் போட்டுவிடுகிறார்கள். பெருக்கம் என்பது வெறும் வகுத்தல் கணக்கு. குவியத் தூரத்தை ஐபீஸ் எண்ணால் வகுக்க வேண்டும். 700-ஐ 20-ஆல் வகுத்தால் 35 மடங்கு, 4-ஆல் வகுத்தால் 175 மடங்கு. அதில் மூன்று மடங்கு பார்லோவைப் போட்டால் 525. கணக்கு சரிதான். ஆனால் லென்ஸ் வாங்கிக் கொடுக்கும் வெளிச்சம் அதேதான். 35 மடங்கிலிருந்து 175-க்குப் போனால் அந்த வெளிச்சம் பரப்பளவில் 25 மடங்கு பரவி மங்கிவிடும். விவரமும் ஒரு எல்லைக்கு மேல் கூடாது, மங்கலைத்தான் பெரிதாகப் பார்ப்போம். லென்ஸ் எத்தனை மில்லிமீட்டரோ அதில் இரண்டு மடங்குதான் உச்சம் என்பது அனுபவக்காரர்கள் சொல்லும் கணக்கு. என் கருவிக்கு 140. அதுவும் காற்று அசையாமல் நிற்கும் நல்ல ராத்திரிகளில் மட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. பூமி மணிக்கு 15 பாகை சுற்றுகிறது. 35 மடங்கில் ஒரு நட்சத்திரம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போக ஏறக்குறைய ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும். 525-இல் இருபது விநாடியில் காணாமல் போகும். முதல் ராத்திரி நிலா ஓடியது என் கையால் மட்டும் இல்லை.

பார்லோவையும் 4 மி.மீ. ஐபீஸையும் அன்றோடு பெட்டியில் வைத்தவன்தான். அப்புறம் பிளாசல் என்ற வகையில் ஒரு 10 மி.மீ. ஐபீஸும், ஆறு மாதம் கழித்து ஒரு 32 மி.மீ. பிளாசலும் தனியாக வாங்கினேன். 70 மடங்கு, 22 மடங்கு. இந்த மூன்று வருடத்தில் நான் பார்த்ததில் பெரும்பகுதி இந்த இரண்டில் பார்த்ததுதான். கையில் காசு மிச்சம் இருந்தால் பெரிய தொலைநோக்கிக்குப் போவதற்கு முன் இந்த இரண்டு ஐபீஸையும் வாங்குங்கள்.

மறுநாள் காலை, வெளிச்சத்தில், முதலில் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். குழாயின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தொலைநோக்கிக்கு ஃபைண்டர் என்று பெயர். அதன் நடுவில் தெரியும் பொருளும் பெரிய குழாயின் நடுவில் தெரியும் பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும். இருட்டில் இதைச் சரிசெய்ய முயன்றால் பொறுமை போய்விடும், ஏனென்றால் நட்சத்திரம் நகர்ந்துகொண்டே இருக்கும். பகலில் நகராத பொருள் ஒன்று வேண்டும், குறைந்தது அரை கிலோமீட்டர் தள்ளி. எங்கள் மாடியிலிருந்து நாமக்கல் மலைக்கோட்டை நேராகத் தெரியும். 20 மி.மீ. ஐபீஸில் கோட்டைச் சுவரின் ஒரு மூலையை நடுவில் நிறுத்திவிட்டு, ஃபைண்டரின் திருகுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி அதே மூலையைக் குறுக்குக் கோட்டுக்குக் கொண்டுவந்தேன். பெரிய குழாயில் கோட்டை நிமிர்ந்து, ஆனால் இடம் வலமாக மாறித் தெரிந்தது. ஃபைண்டரில் தலைகீழாகத் தொங்கியது. இரண்டும் இயல்புதான். ஐபீஸுக்கு முன்னால் வரும் வளைந்த துண்டான டயகனலில் உள்ள கண்ணாடி, பிம்பத்தை நிமிர்த்தும்போது இடவலத்தை மாற்றிவிடும். அந்த டயகனலை விட்டுவிட்டு ஐபீஸை நேராகக் குழாயில் மாட்டி, எவ்வளவு திருகியும் ஃபோகஸ் ஆகவில்லை என்று சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. டயகனல் தரும் நீளம் இல்லாவிட்டால் பல கருவிகளில் ஃபோகஸ் எட்டாது.

அன்று, 30-ஆம் தேதி ராத்திரி ஒன்பதரைக்கு நிலா மேற்கே இறங்கி வசதியான உயரத்துக்கு வந்திருந்தது. முழு மூடியையும் எடுத்துவிட்டு 35 மடங்கில் பார்த்தேன். கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் ஒவ்வொரு குழியின் ஒரு பக்கச் சுவர் பளிச்சென்றும் மறுபக்கம் மைக்கறுப்பாகவும் நின்றது. அந்தக் கோட்டை ஒட்டி மேலிருந்து கீழாக மூன்று பெரிய குழிகள் வரிசையாக இருந்தன: தாலமியஸ், அல்போன்சஸ், அர்சாகல். தாலமியஸின் அகலம் மட்டும் 150 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இங்கிருந்து கோயம்புத்தூருக்குப் பஸ்ஸில் போகும் தூரம் அந்த ஒரு குழிக்குள் அடங்கிவிடும்.

கீழே போய் அம்மாயியைக் கூட்டிவந்தேன். எண்பதைத் தொடப்போகிற வயது. கைத்தாங்கலாகப் படியேறி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை வைத்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். கண்ணை ஒட்டி வைக்காமல் ஒரு விரற்கடை தள்ளி வைக்கச் சொன்னேன். அப்புறம் வெகுநேரம் அசையவில்லை.

“கோடை மழையோட மொதத் துளி விழுந்த புழுதிக்காடு மாதிரி இருக்குது கண்ணு.”

விண்கற்கள் விழுந்து உண்டான குழிகள் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. ஐம்பது வருடம் மானாவாரிக் காடு பார்த்த கண். அதற்கப்புறம் நான் யாருக்கு நிலாக் குழியை விளக்கினாலும் அம்மாயி சொன்னதைத்தான் சொல்கிறேன்.

நிலா பார்க்கப் பௌர்ணமி சரியான நாள் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அன்று வெயில் நேராக விழுவதால் நிழலே இருக்காது, எல்லாம் தட்டையாக, கண் கூசும் வெள்ளையாகத் தெரியும். பஞ்சமியிலிருந்து தசமி வரை பாருங்கள். ஒவ்வொரு நாளும் அந்த நிழல் கோடு நகர்ந்து புது ஊர் காட்டும். தசமியை ஒட்டி கோப்பர்நிகஸ் குழி எழும். அதன் உட்சுவரில் படிப்படியாக இறங்கும் திட்டுகள் 70 மடங்கில் தெரியும். நிலாவின் ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு கரை தெரிந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு கண்ணாடித் துண்டால் ஆன சின்ன லென்ஸ் எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிக்காது. அது பழுது இல்லை.

டிரைபாட் ஆட்டம்தான் என்னை அதிகம் படுத்தியது. ஃபோகஸ் திருகைத் தொட்டாலே படம் குதிக்கும். எவ்வளவு மோசம் என்று அளக்க ஒரு வழி வைத்துக்கொண்டேன்: குழாயை விரலால் லேசாகத் தட்டிவிட்டு, நட்சத்திரம் அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுவது. என் அலுமினியக் காலுக்கு ஆறு விநாடி. நடுவில் ஒரு துணிப்பையில் இரண்டு செங்கல் போட்டுத் தொங்கவிட்டதும் நாலுக்கு வந்தது. கால்களை முழு நீளத்துக்கு இழுக்காமல் குட்டையாக வைத்து, நான் முக்காலியில் உட்கார்ந்து பார்த்ததும் இன்னும் கொஞ்சம் குறைந்தது. எங்கள் ஊரில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பஞ்சம் இல்லை. ஒரு பட்டறை நண்பரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். பாடிக்குப் போடும் பலகையில் மிச்சம் விழுந்த துண்டுகளை அறுத்து, மூன்று கட்டைக் கால் செய்து, பழைய தலையிலேயே போல்ட் போட்டு முடுக்கிக் கொடுத்தார். மரம் அதிர்வை விழுங்கிவிடும் என்று அவர்தான் சொன்னார். இப்போது இரண்டு விநாடி. நான் இந்தக் கருவிக்குச் செய்ததிலேயே உருப்படியான காரியம் இதுதான். நானூறு ரூபாய்கூட ஆகவில்லை.

கையேட்டைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. அது லண்டன் மாதிரி பூமியின் வடக்கே தள்ளி இருக்கும் ஊர்களின் வானத்துக்கு எழுதியது. துருவ நட்சத்திரத்தைப் பிடி, அதை நோக்கி அச்சைத் திருப்பு என்று தொடங்கும். துருவ நட்சத்திரம் ஓர் ஊரில் எவ்வளவு உயரத்தில் தெரியுமோ அதுதான் அந்த ஊரின் அட்சரேகை. லண்டனில் 51 பாகை, நாமக்கல்லில் வெறும் 11. எங்கள் வீட்டுக்கு வடக்கே பக்கத்துத் தோப்புத் தென்னைகளுக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது. ராசிபுரத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் ஆசையாக ஈக்குவடோரியல் மவுன்ட் (அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராகச் சாய்த்து வைக்கும் தாங்கி) வைத்த கருவி வாங்கினார். அதன் அச்சை 11 பாகைக்குச் சாய்த்ததும் எடைக்கட்டை போய் டிரைபாட் காலில் இடித்தது. இடம் வலம், மேல் கீழ் என்று மட்டும் திரும்பும் சாதாரண மவுன்ட் நம் பக்கத்துக்குப் போதும் என்பது என் முடிவு.

கையேடு சொல்லாத இன்னொரு சங்கடம், நம் ஊரில் நிலாவும் கிரகங்களும் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே வந்துவிடும். நீளமான குழாயை உச்சிக்குத் திருப்பினால் அடிப்பகுதி டிரைபாட் காலில் முட்டும், ஐபீஸ் தரைக்குப் பக்கத்தில் போய்விடும், கழுத்து ஒடியும். உச்சிக்கு வருவதற்கு முன்போ, இறங்கிய பின்போ பார்ப்பதுதான் வழி. நான் 40-இலிருந்து 60 பாகை உயரத்துக்குள் வைத்துக்கொள்கிறேன். அதற்கும் கீழே போனால் காற்று அடர்த்தியால் படம் தளும்பும்.

தளும்பலுக்கு மாடியும் ஒரு காரணம். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தளம் ராத்திரி பத்து மணி வரை சூடு விட்டுக்கொண்டிருக்கும். சாயங்காலமே இரண்டு குடம் தண்ணீர் தெளித்துவிடுவேன். கருவியையும் அரை மணி முன்னதாக வெளியே வைத்துவிடுவேன். வீட்டுக்குள் இருந்த சூடு அடங்கட்டும். அந்த அரை மணியில் என் கண்ணும் இருட்டுக்குப் பழகிவிடும். நடுவில் செல்போனைப் பார்த்தால் பழகியது போச்சு. டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டி வைத்திருக்கிறேன்.

2023 ஜனவரி 7-ஆம் தேதி ஒரு நோட்டு போட்டேன். வேண்டுமென்றேதான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். 1610-இல் அதே தேதியில் கலிலியோ வியாழனுக்குப் பக்கத்தில் மூன்று சின்னப் புள்ளிகளைப் பார்த்தார். 13-ஆம் தேதி நான்காவதும் தெரிந்தது. நாலும் வியாழனைச் சுற்றும் நிலாக்கள். அவர் கருவி ஏறக்குறைய 20 மடங்குதான். நம் கையில் இருப்பது அதைவிடத் தெளிவானது. தினமும் ஒரு வட்டம் போட்டு, இரண்டு பக்கமும் புள்ளிகளை வைத்தேன். ஒரு நாள் இந்தப் பக்கம் மூன்று அந்தப் பக்கம் ஒன்று, இன்னொரு நாள் இரண்டு இரண்டு, சில நாள் மூன்றுதான் இருக்கும், ஒன்று வியாழனுக்குப் பின்னாலோ முன்னாலோ மறைந்திருக்கும். இந்த நாலில் எல்லாவற்றுக்கும் உள்ளே சுற்றும் அயோ 42 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கிறது. ஏழு மணிக்கு ஒரு தடவை, ஒன்பதுக்கு ஒரு தடவை வரைந்தால் அது நகர்ந்திருப்பது பேனாவிலேயே தெரியும். படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கும், நம் கையால் வைத்த புள்ளி நகர்ந்ததைப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம். நோட்டு போடுங்கள், இதை எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். வரைய வேண்டும் என்று உட்கார்ந்தால் கண் பத்து மடங்கு கவனிக்கும். 70 மடங்கில் வியாழனின் குறுக்கே போகும் இரண்டு பழுப்புப் பட்டைகளை நான் முதல் வாரம் பார்க்கவே இல்லை, எட்டாம் நாள்தான் தெரிந்தது. அவை அங்கேயேதான் இருந்தன.

சனியின் வளையத்துக்கு 35 மடங்கே போதும். 2023 செப்டம்பரில் முதலில் பார்த்தேன். ஆனால் வளையம் எப்போதும் ஒரே மாதிரி தெரியாது. அடுத்தடுத்த வருடங்களில் மெலிந்துகொண்டே போய், 2025 மார்ச்சில் அதன் விளிம்பு நேராக நம் பக்கம் திரும்பிவிட்டது. பதினான்கு, பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை இப்படி ஆகும். அந்தச் சமயத்தில் வாங்கியவர்கள் ‘வளையத்தைக் காணோம், கருவி மோசம்’ என்று நினைத்திருக்கலாம். கருவியைக் குறை சொல்லாதீர்கள். வருடத்துக்கு வருடம் விரிந்து, 2030 வாக்கில் அகலமாகத் தெரியும்.

சூரியனைப் பற்றி விளையாட்டுப் பேச்சே கிடையாது. என் பெட்டியில் ஐபீஸில் திருகி மாட்டும் சின்னக் கறுப்புக் கண்ணாடி ஒன்று வந்தது, சூரியன் பார்க்க என்று. 70 மி.மீ. லென்ஸ் குவிக்கும் மொத்தச் சூடும் அந்தச் சின்னக் கண்ணாடியில் விழும். அது எந்த நேரமும் விரிசல் விடலாம். விழித்திரைக்கு வலி தெரியாது. கண் போவது போன பிறகுதான் தெரியும். சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போட்டேன். யாருக்கும் கொடுக்கவில்லை. சூரியனுக்கென்றே தயாரித்த ஃபில்டரை முன் லென்ஸை முழுதும் மூடும்படி மாட்ட வேண்டும், ஃபைண்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. இது இரண்டும் இல்லாமல் சூரியன் பக்கம் குழாயைத் திருப்பாதீர்கள். பகலில் மாடியில் கருவியைத் தனியாக விட்டுவிட்டுக் கீழே போகாதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

பராமரிப்பு சின்ன விஷயம்தான், ஆனால் நான் ஒரு தப்பு செய்தேன். முதல் மாதமே லென்ஸில் தூசி என்று துண்டால் துடைத்தேன். மேல்பூச்சில் இரண்டு மெல்லிய கீறல் விழுந்தது, இன்றைக்கும் இருக்கிறது. தூசி இருந்தால் இருக்கட்டும், படம் கெடாது. ரப்பர் ஊதியால் ஊதினால் போதும். மார்கழியில் பனி லென்ஸில் கோர்க்கும். யோகா பாயில் ஒரு துண்டு வெட்டி, குழாயின் வாயில் ஒரு முழம் நீட்டிச் சுருட்டிக் கட்டியதும் நின்றது. ஈரம் காயாமல் மூடிப் பெட்டியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து உள்ளேயே கிடக்கிறது.

2024 தை அமாவாசைக்கு மறுநாள், சனிக்கிழமை, கொல்லிமலைக்குப் போனேன். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் தொலைநோக்கியை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தேன். செம்மேட்டைத் தாண்டி, தெரிந்தவர் ஒருவரின் சொந்தக்காரர் வீட்டு வாசல். தெருவிளக்கு இல்லை. பத்து மணிக்கு ஓரியன் நட்சத்திரக் கூட்டம் மேற்கே சாய்ந்ததும், அதன் நடுவில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே இருக்கும் ஒளிமேகத்தை 22 மடங்கில் வைத்தேன். ஊரில் மங்கலாக ஒரு கறையாகத் தெரிவது, இங்கே இரண்டு சிறகு விரித்த மாதிரி நின்றது. 70 மடங்குக்கு மாற்றினால் அதன் நடுவில் நாலு நட்சத்திரம் தனித்தனியாக, நெருக்கமாக. புதிதாகப் பிறந்த நட்சத்திரங்கள். அந்த வெளிச்சம் கிளம்பி ஏறக்குறைய 1,300 வருடம் ஆகிறது. தெற்கே அகத்திய நட்சத்திரம் மலைமுகட்டுக்கு மேல் ஆடாமல் எரிந்துகொண்டிருந்தது.

ஆனால் நான் காத்திருந்தது விடியற்காலைக்கு. நம் அட்சரேகை கொடுக்கும் வரம் அப்போதுதான் வரும். வானியலாளர் வைணு பாப்பு வான் ஆய்வகத்துக்கு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இதுதான்: பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்தால் வட வானத்தோடு தென் வானத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். 1986-லிருந்து அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. லண்டன்காரர்கள் ஆயுளுக்கும் தங்கள் ஊரிலிருந்து பார்க்க முடியாத நட்சத்திரக் கூட்டம் நமக்கு 31 பாகை உயரத்தில் வந்து நிற்கிறது. ஒமேகா சென்டாரி. வெறும் கண்ணுக்கே மங்கிய நட்சத்திரம் போலத் தெரியும்.

நாலு மணிக்கு அதற்குத் திருப்புவதற்கு முன் ஆல்ஃபா சென்டாரியைப் பார்த்தேன். தென்கிழக்கே தாழ்வாக இருந்தது. நமக்குப் பக்கத்து நட்சத்திரம், நாலே கால் ஒளியாண்டுக்குக் கொஞ்சம் மேல். 70 மடங்கில் இரண்டாகப் பிரிந்து, இரண்டு மஞ்சள் பொட்டாக நின்றது. அப்புறம் 32 மி.மீ. ஐபீஸை மாட்டி ஒமேகாவுக்கு வந்தேன். கறுப்புத் துணியில் மாவைத் தெளித்துத் தேய்த்துவிட்ட மாதிரி ஓர் உருண்டை, நிலாவில் பாதிக்கு மேல் அகலம். நேராகப் பார்க்காமல் கண்ணைச் சற்று விலக்கிப் பார்த்தால் இன்னும் பெரிதாகும். மங்கிய பொருள் எதையும் இப்படி ஓரக்கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

அந்த நேரத்துக்கு வீட்டுக்காரப் பெரியவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார்.

“இன்னுமா தூங்கல தம்பி?”

“இதை ஒரு தடவை பாருங்கய்யா” என்று முக்காலியை விட்டு எழுந்தேன். குனிந்து பார்த்தார்.

“பொகை மாதிரி இருக்கு.”

“எல்லாம் நட்சத்திரங்கய்யா. ஒரு கோடி இருக்கும்.”

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். இந்தத் தடவை நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. கூட்டம் ஓரத்துக்கு நகர்ந்ததும் நான் குழாயைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் எழுந்து, வீட்டுக்குள் போய், வீட்டம்மாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார்.